மருந்துடன் போதனையும் வேண்டும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. நோய் வந்துற்றபோது அதைத் தீர்க்கும் வகையையும் அவர்கள் ஆராயாமல் விட்டாரல்லர். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதியில், வைத்தியம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுத்துள்ளார். நோயுற்றவர் ஒரு கூறு. நோய் தீர்க்கும் மருத்துவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிலிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவர் ஒரு கூறு. இந்நான்கில் மருத்துவரையும் மருந்தையும் பற்றியே நாம் நிறையப் பேசுகிறோம். ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டும், டாக்டர் வேண்டும், மருந்து தட்டின்றிக் கிடைக்கவேண்டும் என்று பஞ்சாயத்துக் கூட்டங்களில் கோருகிறோம். கோருவது நியாயமே. மற்ற இரு கூறுகளாகிய நோயாளியும் அவர் வீட்டாரும் தங்கள் பங்கைச் செவ்வனே செய்வதற்கு யார் கற்றுக்கொடுப்பது? அவ்வாறு கற்றுக்கொடுக்கும் திறமையை ஆஸ்பத்திரி ஊழியர்கள் எங்கே பெறுவது? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொல்லுதல் வேறு, கற்பித்தல் வேறு

பழனிக்கு அருகே, திண்டுக்கல் சாலையில் அமைந்துள்ள ஆயக்குடி, கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊர். மலையடிவாரத்தில், வரதமாநதி அணையின் பக்கத்திலுள்ள தோட்டங்களில் விளையும் பழம் பல ஊர்ச் சந்தைகளுக்கும் செல்கிறது. அவ்வூர்க் குடியானவர் ஒருவருக்கு நீரிழிவு நோய் கண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில் நர்ஸ் அவரிடம், "ஐயா, இனிப்பு சாப்பிடாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார். மூன்று வாக்கியங்களும் சரியானவை. அவரும் தலையசைத்துவிட்டுப் புறப்படுகிறார்.

வீட்டில் நடப்பது என்ன? இனிப்பு என்றால் சர்க்கரையும் வெல்லமும் என்று அவர் கொள்கிறார். ஒரு வேளைக்கு உண்ணும் சோற்றின் அளவும் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் உடம்பு லேசாகிறது. நோய் தீர்ந்தது என்று எண்ணி மாத்திரையை விட்டுவிடுகிறார். காலைப் பொறுத்தவரை, பிள்ளைப் பருவம் முதல் வரப்பிலும் வாய்க்காலிலும் செருப்பின்றி நடந்த கால் அது. அதற்குப் பத்திரம் என்றால் என்ன என்று அவருக்கு விளங்கவில்லை. நாட்பட்ட நீரிழிவு நரம்புகளைப் பாதித்துப் பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடும் என்பதை ஒருவரும் அவருக்கு விளக்கவில்லை. முள் தைக்கிறது, வலிக்கவில்லை. புண்ணாகிறது, கவனிக்கவில்லை. சீழ் வைத்து, காய்ச்சல் கண்டபிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறார். அப்பொழுது விரலையோ பாதத்தையோ எடுத்தே தீரவேண்டிய நிலை ஏற்பட்டுவிடலாம். ஒரு காலை இழந்த குடியானவரின் தோட்டம் என்னவாகும் என்பதை விவசாயிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவருக்கு மருந்து கிடைக்காமற் போகவில்லை. அறிவுரையும் சொல்லப்பட்டது. கற்பிக்கப்படவில்லை என்பதே குறை.

இந்த வேறுபாடு விவசாயிகளுக்குப் புதிதன்று. 1953-ஆம் ஆண்டு முதல் ஜப்பானிய முறை நெற்சாகுபடி நம் நாட்டில் பரப்பப்பட்டபோது, கிராம சேவக்குகள் சொல்லிவிட்டு மட்டும் போகவில்லை. ஒருவர் வயலில் ஒரு பகுதியை எடுத்து, கயிறு பிடித்து வரிசையாக நட்டுக் காட்டினார்கள். பக்கத்து வயலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே குடியானவர் நம்பினார். கொய்யா மரத்தில் எந்தக் கிளையைக் கவாத்து செய்வது என்பதையும் காதால் கேட்டு யாரும் கற்றதில்லை. கத்தரியைக் கையில் பிடித்தே கற்றார்கள். உடம்பைப் பேணும் வித்தைக்கும் இதே விதிதான்.

நாலு வகைப் பயிற்சி

உடற்கூறும் மருந்துக் குணமும் கற்றுத் தேறிய நர்ஸ், போதிக்கும் முறையையும் தாமாகவே அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. கணிதம் கற்றவரெல்லாம் ஆசிரியராவதில்லை. அதற்கென்று ஆசிரியப் பயிற்சி உண்டு. அதுபோலவே டாக்டர், நர்ஸ், கிராம சுகாதாரச் செவிலியர், மருந்தாளுநர் அனைவருக்கும் போதனைப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியில் முக்கியமானவை நான்கு.

முதலாவது, பேசுமுன் கேட்பது. நோயாளி என்ன நம்புகிறார், என்ன வேலை செய்கிறார், வீட்டில் சமைப்பவர் யார், எதற்கு அஞ்சுகிறார் என்று அறியாமல் சொல்லும் அறிவுரை விழலுக்கு இறைத்த நீராகும். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையாகச் செல்லும் பக்தர்கள் ஆயக்குடி வழியே பழனிக்கு நடப்பதை நாம் அறிவோம். செருப்பின்றி நடப்பதாக வேண்டிக்கொண்ட நீரிழிவு நோயாளியிடம், "நடக்கக் கூடாது" என்று ஒரே சொல்லில் மறுத்தால், அவர் அடுத்த முறை ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார். பயிற்சி பெற்ற நர்ஸ் முதலில் அவருடைய வேண்டுதலைக் கேட்பார். பாத உணர்ச்சியைச் சோதித்து, அது குறைந்திருப்பதை அவரே அறியும்படி காட்டுவார். பிறகு, அடிவாரம் வரை காலுக்குப் பொருந்திய செருப்புடன் செல்வது, வெயில் ஏறிக் கல் சுடுமுன் மலையேறுவது, இயலாதபோது இழுவை ரயிலையோ ரோப் காரையோ பயன்படுத்துவது, இரவு தங்குமிடத்தில் இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்பட விளக்கொளியில் பார்ப்பது என்று அவரோடு கலந்து ஒரு வழியை வகுப்பார். பக்தியும் குறையாது, காலும் பிழைக்கும்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு இரண்டொரு செய்தி மட்டும் சொல்வது, அதையும் ஊரார் மொழியில் சொல்வது. பத்து விஷயங்களை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் தங்காது. ஆயக்குடி நோயாளி கேட்கும் முதற் கேள்வி, "நான் கொய்யாப்பழம் சாப்பிடலாமா?" என்பதாகவே இருக்கும். அதையே பாடத்தின் தொடக்கமாகக் கொள்ளலாம். சர்க்கரை சேர்த்த பழச்சாறு வேறு, நார்ச்சத்தோடு கூடிய முழுப்பழத்தை அளவோடு உண்பது வேறு என்று விளக்கினால், பழத்தின் வழியே சோறு, பலகாரம், காப்பி எல்லாவற்றின் அளவையும் பேசிவிடலாம். அவரவர்க்கு ஏற்ற அளவை டாக்டர் குறித்துக் கொடுப்பார்.

மூன்றாவது, செய்து காட்டுவதோடு நில்லாமல் செய்ய வைப்பது. இன்சுலின் ஊசியை நர்ஸ் போட்டுக் காட்டினால் மட்டும் போதாது. நோயாளியோ அவர் மனைவியோ மருந்தை அளந்து எடுத்து, தம் கையாலேயே போடவேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அம்மருந்தை எங்கே வைப்பது என்பதும் பாடமே. மண்சட்டியில் நீர் ஊற்றி, அதனுள் நீர் புகாதபடி ஒரு சிறு பாத்திரத்தை வைத்து, நிழலில் வைக்கலாம் என்று காட்டுவது ஏழைக் குடும்பத்துக்குப் பேருதவி.

நான்காவது, திருப்பிச் சொல்லக் கேட்பது. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிந்தது" என்றே சொல்வார்கள், மரியாதைக்காகவும் சொல்வார்கள், வெட்கத்தாலும் சொல்வார்கள். "அம்மா, வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பீர்கள், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். தவறாகச் சொன்னால் அது கேட்டவரின் குற்றமன்று. போதித்தவர் மறுபடியும் வேறு விதமாகப் போதிக்கவேண்டும் என்பதற்கு அறிகுறி.

தாய்மாரிடம் கற்ற பாடம்

இம்முறைகளின் பயனை நம் அண்டை நாட்டின் அனுபவம் விளக்குகிறது. 1971-ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் பெருந்திரளாக இந்தியாவுக்கு வந்தபோது, முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்காளத்தின் பன்காவ் என்ற ஊரில் பணியாற்றிய டாக்டர் திலீப் மகாலனாபிஸ், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். அங்கு சிகிச்சை பெற்றவர்களில் இறந்தோர் தொகை நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கிற்று. பேணுபவரும் வைத்தியத்தின் ஒரு கூறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பின்னர் வங்காளதேசத்தில் பிராக் என்ற ஸ்தாபனம் 1980 முதல் பத்தாண்டுக் காலத்தில் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் கொண்டு வயிற்றுப்போக்குக்கு நீர் தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்பித்தது. ஊழியர் செய்து காட்டுவதைவிட, தாயே தன் கையால் கலக்கும்போது பாடம் மனத்தில் பதிந்தது என்பதை அவர்கள் கண்டார்கள். இதில் நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஊதிய முறை. சென்ற வீடுகளின் எண்ணிக்கைக்காக மட்டும் ஊழியருக்குக் கூலி தரப்படவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறாளா என்று சோதிப்பார். தாய் பெற்ற மதிப்பெண்ணுக்கு ஏற்பவே ஊழியரின் ஊதியம் அமைந்தது. கற்பித்ததன் அளவுகோல் ஊழியர் பேசியதன்று, தாய் கற்றதே என்ற உண்மை அங்கு நடைமுறையாயிற்று. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இக்கரைசலுக்கான பொடி பொட்டலமாகவே கிடைக்கிறது. பொட்டலத்தை எவ்வளவு நீரில் கரைப்பது என்பதைத் தாய் கற்றிருந்தாலன்றி அதனால் முழுப் பயன் இல்லை.

நம் மாநிலத்தின் அனுபவம்

இத்துறையில் தமிழ்நாடு பின்தங்கியதன்று. காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலன்றிக் குணமாகாது என்று உலகம் நம்பிய காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒரு பரிசோதனை நடத்திற்று. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மற்றொரு சாராரை வீட்டிலேயும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். சுகாதார ஊழியர்கள் வீடுகளுக்குச் சென்று மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று கண்காணித்தனர். வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பயன் தருவதாக 1959-இல் வெளியான முடிவுகள் காட்டின. காசநோய் ஒழிப்பு முறையையே இது உலகெங்கும் மாற்றியது. வைத்தியம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்ததும், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் பொறுப்பும் நோயாளியின் வீட்டுக்கே வந்துவிட்டது. அப்பொறுப்பை ஏற்கக் கற்பிப்பது சிகிச்சையின் பகுதியாயிற்று.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் திரு. ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது. அதிலிருந்து 1964-இல் கிராம சுகாதார, குடும்ப நல நிலையம் உருவாயிற்று. குடும்ப நலச் செய்தியை ஊரார் ஏற்கும்படி எடுத்துரைப்பது எங்ஙனம் என்பதை அங்கு ஓர் ஆராய்ச்சிப் பொருளாகவே கொண்டனர். சுகாதாரக் கல்வியாளர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்கும் பயிற்சி அளிக்கும் பணியில் அந்நிலையம் ஈடுபட்டு வந்துள்ளது. ஆசிரியர்களுக்கு ஆசிரியராக விளங்கும் இத்தகைய ஸ்தாபனம் நம் மாவட்டத்திலேயே தோன்றியது நமக்குப் பெருமை.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, அவர்களில் சிலரை நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் பணிக்கென்றே அமர்த்துகின்றனர். புரை நீக்கும் சிகிச்சை எப்படி நடக்கும், செலவென்ன, பின்னர்க் கண்ணை எவ்வாறு காப்பது என்று நோயாளியின் பேச்சிலேயே விளக்குவது அவர்கள் தொழில். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீடு தேடிக் கொண்டுசெல்கின்றனர். மருந்தோடு திண்ணைக்கு வரும் பெண்மணி, கால் புண்ணைப் பார்க்கவும், சோற்றின் அளவைப் பேசவும் பயிற்சி பெற்றவராயின் அத்திட்டத்தின் பயன் இரட்டிப்பாகும்.

உலக சுகாதார ஸ்தாபனமும் 1998-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், நாட்பட்ட நோயாளிகளுக்குக் கற்பிப்பது சிகிச்சையின் அங்கம் என்றும், அதற்கு ஊழியர்களுக்குத் தனிப் பயிற்சி தேவை என்றும் வலியுறுத்தியது.

ஊழியருக்கும் கல்வி

போதனை நோயாளியோடு நிற்பதன்று. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர், கழிவு அகற்றுபவர், துணி வெளுப்பவர் ஆகியோரும் கற்கவேண்டும். வியன்னா நகரில் டாக்டர் செம்மல்வைஸ் 1847-இல், டாக்டர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவியதாலேயே பிரசவக் காய்ச்சலால் தாய்மார் மாள்வது வெகுவாகக் குறைந்ததைக் கண்டார். அவர் கண்ட உண்மையைச் சக வைத்தியர்கள் எளிதில் ஏற்கவில்லை. உண்மையைக் கண்டறிவது ஒரு பணி. அதை உடன் பணிபுரிவோர் ஏற்கும்படி கற்பிப்பது மற்றொரு பணி.

மருத்துவக் கழிவு பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் பணியில் சேரும்போதும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பயிற்சி அளிக்கவேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு. பிளாஸ்டிக் குழாய் சிவப்புப் பைக்கு. ஊசிமுனை துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கு. கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்கு. இதைச் சுவரில் எழுதி ஒட்டினால் எழுத்தறியாத ஊழியருக்கு என்ன பயன்? பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, அவரையே பிரித்துப் போடச் செய்யவேண்டும். தவறி ஊசி குத்தினால் மறைக்காமல் உடனே தெரிவிக்கவேண்டும் என்பதையும், தெரிவிப்பவரை ஏசமாட்டோம் என்பதையும் அவர் நம்பும்படி செய்யவேண்டும். இதில் தவறினால் ஆபத்து ஆஸ்பத்திரிச் சுவருக்குள் நில்லாது. குப்பைமேட்டுக்கும் வாய்க்காலுக்கும் வந்துசேரும்.

நேரம் எங்கே?

நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்கையில் போதிக்க நேரமேது என்று நர்ஸுகள் கேட்பதில் நியாயமுண்டு. ஊசி போட்டது பதிவேட்டில் ஏறுகிறது. கட்டுப் போட்டது ஏறுகிறது. கால் மணி நேரம் உட்கார்ந்து கற்பித்தது ஏறுவதில்லை. கணக்கில் வராத வேலை நாளடைவில் கைவிடப்படும். எனவே போதனையும் வேலை என்று அதிகாரிகளும் ஊராரும் ஒப்புக்கொள்வதே முதற்படி. தவிரவும், எல்லாவற்றையும் ஒருவரே ஒரே நாளில் கற்பிக்க வேண்டுவதில்லை. காத்திருக்கும் நேரத்தில் பத்துப் பேருக்குச் சேர்ந்தாற்போல் பாதப் பரிசோதனையைக் கற்பிக்கலாம். நன்கு தேறிய பழைய நோயாளி ஒருவரைப் புதியவர்களோடு பேசச் செய்யலாம். இன்று செலவிடும் கால் மணி நேரம், நாளை புண்ணோடு வருபவருக்காகச் செலவாகும் பல நாட்களை மீதப்படுத்தும்.

பஞ்சாயத்தின் பங்கு

வைத்தியம் டாக்டர்களின் பொறுப்பு என்று ஊராட்சியினர் ஒதுங்கியிருத்தல் ஆகாது. ஆயக்குடி பேரூராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும், அவை போன்ற பிற ஊர்களும் செய்யக்கூடியவை பல.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிழலும் இருக்கையும் குடிநீரும் உள்ள ஓர் இடத்தைப் போதனைக்கென ஒதுக்க உதவலாம். தோட்ட வேலை முடிந்து ஆடவரும் வரக்கூடிய மாலை நேரத்தில் மாதம் ஒரு முறை வகுப்பு நடத்தும்படி நிலையத்தைக் கேட்டுக்கொள்ளலாம். கிராம சுகாதாரக் குழுவும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதற்கு ஆள் திரட்டலாம். வீடு திரும்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் கற்பிப்பவர் யார், அவர் போதனைப் பயிற்சி பெற்றவரா என்று நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். குறை காணும் நோக்கின்றி, என்ன உதவி வேண்டும் என்று அறியும் நோக்குடன் கேட்டல் நலம். பயிற்சிக்குச் செல்லும் செவிலியர் சில நாள் ஊரில் இல்லாவிடின், அதைக் குறையாகக் கருதாமல் ஊருக்கான முதலீடாகக் கருதவேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. நோயாளியை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, வீட்டில் சமைப்பவரும் மருந்து கொடுப்பவரும் உடன் செல்லவேண்டும். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லக் கூசலாகாது. "நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள் அம்மா" என்று நர்ஸிடம் நாமே திருப்பிச் சொல்லிக் காட்டலாம். எந்த நர்ஸும் இதைத் தவறாகக் கொள்ளமாட்டார்.

நல்ல விதையும் நீரும் எருவும் இருந்தும், பயிர் செய்யும் முறை அறியாதவர் நிலம் முழுப் பலன் தருவதில்லை. மருந்தும் அத்தகையதே. போதிக்கத் தெரிந்த ஊழியரும் கற்க முன்வரும் குடும்பமும் சேர்ந்த ஊரில், ஆஸ்பத்திரி வாசலோடு வைத்தியம் முடிந்துவிடாது; அது வீட்டிலும் தோட்டத்திலும் தொடரும். அத்தகைய ஊராக ஒவ்வோர் ஊரும் ஆக நாம் அனைவரும் ஒத்துழைப்போமாக.